2018 சாம்பியன் சென்னையின் அணியை ஃபுட்பால் மேனேஜரில் கட்டுவது எப்படி

நிஜத்தில் ஆடிய ஓர் அணியை ஃபுட்பால் மேனேஜரில் (நாமே பயிற்சியாளராக இருந்து அணியை நடத்தும் கம்ப்யூட்டர் கேம்) திரும்பக் கொண்டுவர உட்காரும் பலர், டாக்டிக்ஸ் பக்கத்தைத் திறந்து 4-2-3-1 (பின்னாலிருந்து முன்னால் வரிசைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) என்று தட்டிவிட்டு, தோதான ரோல்களை அடுக்கி, பத்து ஆட்டம் ஜெயித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஜெயிப்பது வேறு, நகலெடுப்பது வேறு. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, முதலில் அசலின் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

ஜான் கிரிகோரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்.சி. 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) லீக் சுற்றில் 18 ஆட்டங்கள் ஆடியது. 9 வெற்றி, 5 டிரா, 4 தோல்வி. அடித்தது 24, வாங்கியது 19. 32 புள்ளிகளோடு பெங்களூருவுக்கு அடுத்த இடம். மூன்றாவதாக வந்த கோவா அதே சீசனில் 42 கோல் அடித்திருந்தது என்பதோடு சேர்த்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஒன்றரை கோல்கூடத் தேறாத அணிதான் கடைசியில் கோப்பையைத் தூக்கியது. உங்கள் சேவில் (நீங்கள் சேமித்து ஆடிவரும் கேமில்) வாராவாரம் 4-1, 5-0 என்று வந்துகொண்டிருந்தால் சந்தோஷப்படலாம். ஆனால் அது கிரிகோரியின் சென்னையின் கிடையாது.

இங்கே சொல்லும் மெனு பெயர்கள் ஃபுட்பால் மேனேஜர் 2024க்கு உரியவை. அதில் ஐஎஸ்எல் 12 அணிகளோடு, ஆளுக்கு 22 ஆட்டமாக ஓடும். அசல் கணக்கை அந்த 22க்கு நீட்டினால் சுமார் 29 கோல் அடித்து, 23 வாங்கி, 39 புள்ளி எடுக்க வேண்டும். இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஸ்கிரீன் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். ஐந்தாறு கோல் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போனால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் எங்கோ பிசகு.

இன்னொரு அளவுகோல், 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப்போட்டி. 9ஆவது நிமிடத்திலேயே எதிரணியான பெங்களூருவின் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். 17ஆவது நிமிடம் ஒரு கார்னர், மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி உள்ளே. 45ஆவது நிமிடம் இன்னொரு கார்னர், அதே மெய்ல்சன், அதே தலை. 67ஆவது நிமிடத்தில் பாக்ஸுக்கு வெளியிலிருந்து ரஃபேல் அகுஸ்டோ. 90 நிமிடம் முடிந்தபின் வந்த இஞ்சுரி டைமில் பெங்களூருவின் மிகு ஒன்றைத் திருப்ப, 3-2. மூன்றில் இரண்டு கோல் கார்னரில், ஒன்று தூரத்து ஷாட்டில் வந்திருக்கிறது. கேமில் நாம் தேட வேண்டிய அணியின் ஜாதகம் இதுதான்: நடுவில் நெருக்கமாக நின்று தடுப்பது, பந்து கிடைத்ததும் நேராக ஓடுவது, கார்னர் கிடைத்தால் கொண்டாடுவது.

டாக்டிக்ஸ் பக்கத்தில் தெரிவது தடுக்கும் வடிவம்

ஃபுட்பால் மேனேஜர் 2024 வரைக்கும் டாக்டிக்ஸ் பக்கத்தில் வட்டங்கள் நிற்கும் இடம், பந்து நம்மிடம் இல்லாதபோது ஆட்கள் நிற்கும் இடம். பந்து கிடைத்ததும் எங்கே போகிறார்கள் என்பதை ரோலும் (அவர் எந்த வகை ஆட்டக்காரர்) டியூட்டியும் (டிஃபெண்ட், சப்போர்ட், அட்டாக் என்று எவ்வளவு ஏறுவார்) முடிவு செய்யும். இது புரியாததால்தான் பாதி நகல்கள் கெட்டுப்போகின்றன. டிவியில் காட்டும் லைன்-அப் கிராஃபிக்ஸில் 4-2-3-1 என்று இருக்கும். அதை அப்படியே வைத்தால் இரண்டு விங்கர்களும் தடுக்கும்போதும் மேலேயே நின்றுவிடுவார்கள். எதிரணியின் ஃபுல் பேக் ஏறி வர, நம் லெப்ட் பேக் இரண்டு பேரை ஒற்றை ஆளாகச் சமாளிக்க வேண்டிவரும்.

ஆகவே 4-4-1-1 வையுங்கள். பின்னால் நான்கு, அதற்கு முன்னால் நேர்வரிசையில் நான்கு மிட்பீல்டர்கள், அவர்களுக்கு மேலே ஒரு அட்டாக்கிங் மிட்பீல்டர், உச்சியில் ஸ்ட்ரைக்கர். பந்து கிடைத்ததும் சைடு மிட்பீல்டர்கள் மேலே ஏற, அது தானாகவே 4-2-3-1 ஆகிவிடும். நடுவில் இருவரையும் சென்ட்ரல் மிட்பீல்டர் வரிசையிலேயே வையுங்கள். டிஃபென்சிவ் மிட்பீல்டர் வரிசைக்கு இறக்கினால் சென்டர் பேக்குகளுக்குத் துணை கிடைக்கும், ஆனால் அவர்களுக்கும் ரஃபேல் இடத்தில், அதாவது அட்டாக்கிங் மிட்பீல்டராக ஆடுபவருக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழும். பந்தைப் பறித்தபின் முதல் பாஸ் கொடுக்க ஆள் இருக்காது.

ஃபுட்பால் மேனேஜர் 26 பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் பந்து இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது ஒரு வடிவம் என்று தனித்தனியே வைக்கலாம். முன்னதில் 4-2-3-1, பின்னதில் 4-4-1-1. டியூட்டி என்ற ஒன்றே அதில் கிடையாது என்பதால் கீழே சொல்லும் ரோல்களில் நெருக்கமானதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஐந்து வெளிநாட்டவர் அன்று, நான்கு பேர் கேமில்

அந்த இறுதிப்போட்டியில் இறங்கிய பதினொருவர்: கோலில் கரன்ஜித் சிங். பின்வரிசையில் வலமிருந்து இடமாக இனிகோ கால்டெரான், மெய்ல்சன், ஹென்ரிக் செரெனோ, ஜெர்ரி லால்ரின்சுவாலா. நடுவில் தனபால் கணேஷும் பிக்ரம்ஜித் சிங்கும். அவர்களுக்கு முன்னால் பிரான்சிஸ் பெர்னாண்டஸ், ரஃபேல், கிரிகோரி நெல்சன். உச்சியில் ஜெஜே லால்பெக்லுவா. கால்டெரான், மெய்ல்சன், செரெனோ, ரஃபேல், நெல்சன் என்று ஐந்து பேர் வெளிநாட்டவர். அன்றைய விதி ஐந்து பேரை அனுமதித்தது. ஃபுட்பால் மேனேஜர் 2024 காலத்து விதியில் மைதானத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர்தான். அணியின் பட்டியலில் ஆறு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். போட்டியின் ரூல்ஸ் பக்கத்தில் இதைச் சரிபார்த்துவிட்டு ஒப்பந்தம் பேசப் போங்கள்.

ஐந்தில் யாரைக் கழிப்பது? ரைட் பேக்கை. கால்டெரான் நல்ல ஆட்டக்காரர், அனுபவஸ்தர், எல்லாம் சரி. ஆனால் இந்திய ஆட்டக்காரர்களில் ஓடக்கூடிய, ஒழுங்காக நிற்கக்கூடிய ரைட் பேக் கிடைப்பது எளிது. கார்னரில் எகிறி முட்டும் சென்டர் பேக்கும், இரண்டு வரிசைக்கு நடுவே பந்து வாங்கித் திரும்பும் பத்தாம் நம்பரும் கிடைப்பது கஷ்டம். இரண்டு சென்டர் பேக், ஒரு பத்தாம் நம்பர், ஒரு லெப்ட் விங்கர் என்று நான்கு இடத்தையும் அங்கேயே செலவழியுங்கள்.

ஸ்ட்ரைக்கர் இடத்தில்தான் சபலம் தட்டும். கேமில் பிரேசில், ஸ்பெயின் பக்கமிருந்து 15 கோல் அடிக்கும் ஆள் மலிவாகக் கிடைப்பார். அவரை எடுத்தால் மேலே சொன்ன நால்வரில் ஒருவர் பெஞ்சுக்குப் போக வேண்டும், அணியின் குணமே மாறிவிடும். ஜெஜே அந்த சீசனில் அடித்தது 9. உங்கள் இந்திய ஸ்ட்ரைக்கரும் பத்துப் பன்னிரண்டோடு நிற்கட்டும். மற்ற கோல்கள் சென்டர் பேக்கிடமிருந்தும் மிட்பீல்டிலிருந்தும் வர வேண்டும்.

சென்டர் பேக் தேடும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேம் கணக்கில் எடுப்பது ஜம்ப்பிங் ரீச் (எவ்வளவு உயரம் எகிறி முட்டுவார் என்று 20க்குப் போடும் மதிப்பெண்) என்ற எண்ணைத்தான். ஆறடி மூன்று அங்குல ஆளுக்கு அது 11 இருந்தால் ஆறடிக்காரர் ஒருவர் 15 வைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலே முட்டிவிட்டுப் போவார். இருவரில் ஒருவருக்கு ஜம்ப்பிங் ரீச், ஹெடிங், பிரேவரி மூன்றும் லீகின் மற்ற சென்டர் பேக்குகளைவிடத் தெளிவாக மேலே இருக்க வேண்டும். அவர்தான் உங்கள் மெய்ல்சன். மற்றவருக்குப் பொசிஷனிங்கும் கான்சன்ட்ரேஷனும் முக்கியம்.

ரோல்களும் டியூட்டிகளும்

கோலில் சாதாரண கோல்கீப்பர், டிஃபெண்ட். ஸ்வீப்பர் கீப்பர் இங்கே வேலைக்கு ஆகாது. பின்வரிசை இறங்கி நிற்கும்போது அவர் ஓடிவந்து துடைக்க இடமே இல்லை.

சென்டர் பேக் இருவருமே சென்ட்ரல் டிஃபெண்டர், டிஃபெண்ட். பால் பிளேயிங் டிஃபெண்டர் என்று ஒருவரை மாற்றினால் அவர் ரிஸ்க்கான பாஸ்களைத் தேடிப் போட ஆரம்பிப்பார். பந்து பறிபோகும் இடம் நம் பாதிக்குள்ளேயே வந்துவிடும். ஃபுல் பேக் இருவரும் ஃபுல் பேக், சப்போர்ட். வலப்பக்க ஆளுக்கு ஸ்டாமினா நன்றாக இருந்தால் மட்டும் விங் பேக், சப்போர்ட்டுக்கு உயர்த்தலாம். இடப்பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள், காரணம் நெல்சன்.

லெப்ட் மிட்பீல்டில் விங்கர், அட்டாக். இவர் பந்து கிடைத்ததும் முதலில் ஓடுபவர், திரும்பி வருவதில் கடைசி ஆள். இவருக்குப் பின்னால் ஜெர்ரி இடத்தில் இருப்பவரும் ஏறிவிட்டால் இடப்பக்கம் முழுசாகத் திறந்துவிடும். கேமில் வாங்கும் கோல்களைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். நம் இடப்பக்கம் வழியே ஓடிவந்து பின்னால் தள்ளிவிட்ட பந்தில் கோல் வந்திருந்தால் காரணம் அநேகமாக இதுதான். ரைட் மிட்பீல்டில் வைட் மிட்பீல்டர், சப்போர்ட். அவருக்கு 'சிட் நேரோவர்' கொடுங்கள். பிரான்சிஸ் போல உழைக்கும் ஆள், ஒர்க் ரேட் 14க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

நடுமிட்பீல்ட்தான் அதிகம் கோட்டை விடுகிற இடம். தனபால் கணேஷ் வியாசர்பாடி பையன், பந்தைப் பறிப்பவர் என்பதால் எல்லோரும் உடனே பால் வின்னிங் மிட்பீல்டர் போடுகிறார்கள். அந்த ரோல் பந்து எங்கே போகிறதோ அங்கே துரத்திக்கொண்டு ஓடும். வலது ஓரத்தில் பந்து இருந்தால் அங்கே போய்விடும், நடுவில் ஓட்டை விழும். பக்கத்தில் இருப்பவரும் துரத்தும் ரோலாக இருந்தால் கதை கந்தல். இருவரில் ஒருவர் கட்டாயம் சென்ட்ரல் மிட்பீல்டர், டிஃபெண்ட். அது பிக்ரம்ஜித்தின் இடம், அவர் அசையக் கூடாது. அவர் அசையாமல் நின்றால்தான் கணேஷுக்கு பால் வின்னிங் மிட்பீல்டர், சப்போர்ட் கொடுக்கலாம். ஆட்டக்காரரின் பழக்கங்களையும் பாருங்கள். டிஃபெண்ட் இடத்தில் நிற்பவருக்கு 'வாய்ப்புக் கிடைத்தால் மேலே ஏறுவார்' என்ற பழக்கம் இருந்தால் டியூட்டி சொல்வதை அவர் பாதிதான் கேட்பார்.

கணேஷுக்கு ஏன் சப்போர்ட்? அவர் வெறும் தடுப்பாள் மட்டும் இல்லை. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில், ஜெஜே இரண்டு அடித்த அன்று மற்ற ஒன்றை அடித்தவர் கணேஷ். லீக் சுற்றில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றபோது கடைசி நேரத்து வெற்றி கோலும் அவருடையது.

ரஃபேல் இடத்துக்கு அட்டாக்கிங் மிட்பீல்டர், சப்போர்ட். கூடவே 'டிரிப்ள் மோர்' (பந்தோடு அதிகம் ஓடச் சொல்வது), 'ரோம் ஃப்ரம் பொசிஷன்' (இடம் மாறி அலையச் சொல்வது). அட்வான்ஸ்டு ப்ளேமேக்கர் போட்டால் எல்லோரும் பந்தை அவரிடமே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த அணி அவ்வளவு ஒருவரை நம்பி ஆடியதில்லை, எதிரணியும் ஒருவரைக் கட்டிப்போட்டு ஆட்டத்தை முடித்துவிடும். ஃபர்ஸ்ட் டச், டிரிப்ளிங், லாங் ஷாட்ஸ் மூன்றும் பாருங்கள்.

உச்சியில் டீப் லையிங் ஃபார்வர்டு, அட்டாக். இறுதிப்போட்டியில் ரஃபேலின் கோலுக்குப் பந்தைக் கொடுத்தது ஜெஜே. அட்வான்ஸ்டு ஃபார்வர்டு வைத்தால் அவர் கடைசி டிஃபெண்டரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். ரஃபேலுக்கும் அவருக்கும் இடையே 25 கெஜம் காலியாகக் கிடக்கும்.

டீம் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள்

மென்டாலிட்டியை (அணி எவ்வளவு துணிந்து ஆடுவது என்பதை) முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் நகரும். சொந்த ஊரில் பேலன்ஸ்டு. வெளியூரில் வலுவான அணியோடு காஷியஸ். அட்டாக்கிங் பக்கம் போகவே வேண்டாம்.

பந்து இருக்கும்போது: அகலம் 'ஃபேர்லி நேரோ', பாஸ் ஒரு படி அதிகம் டைரக்ட், வேகம் ஸ்டாண்டர்டு. 'பிளே அவுட் ஆஃப் டிஃபென்ஸ்' கூடாது. 'ஒர்க் பால் இன்டு பாக்ஸ்' கூடாது, அது ரஃபேலின் தூரத்து ஷாட்டை அடைத்துவிடும். 'பிளே ஃபார் செட் பீசஸ்' கட்டாயம் போடுங்கள். பலர் கண்ணிலேயே படாத சின்ன பட்டன் அது. இடம் இல்லாதபோது ஃபவுலோ கார்னரோ வாங்கப் பார்க்கச் சொல்லும். இந்த அணிக்கு அதைவிடப் பொருத்தமான கட்டளை கேமில் இல்லை.

பந்து கைமாறும்போது: பறிகொடுத்தால் 'ரீகுரூப்' (துரத்தாமல் திரும்பி வடிவத்துக்கு வருவது), பறித்தால் 'கவுன்ட்டர்' (உடனே முன்னால் பாய்வது). கீப்பர் ஃபுல் பேக்குகளுக்குக் கொடுக்கட்டும். ஜெஜே ரகத்து ஸ்ட்ரைக்கரை நோக்கி உயரப் பந்து அடித்தால் பத்தில் எட்டு எதிரணிக்குத்தான் போகும்.

பந்து இல்லாதபோது: 'மிட் பிளாக்' (முன்வரிசை நடுமைதானத்தில் நின்று தடுக்க ஆரம்பிப்பது), டிஃபென்சிவ் லைன் (பின்வரிசை எவ்வளவு மேலே நிற்பது) ஸ்டாண்டர்டு. இந்த இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே நகர்த்துங்கள். முன்வரிசை நடுவிலேயே நிற்க, பின்வரிசையை மட்டும் கீழே இறக்கினால் இரண்டு வரிசைக்கும் இடையே எதிரணியின் பத்தாம் நம்பர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். 'தோல்விக்குக் காரணம் சென்டர் பேக்' என்று அசிஸ்டென்ட் (கேமில் உங்கள் உதவிப் பயிற்சியாளர்) சொல்லும் பாதி ஆட்டங்களில் உண்மையான காரணம் அந்த இடைவெளி. டிரிகர் பிரஸ் (பந்து வைத்திருப்பவரை எவ்வளவு அடிக்கடி நெருக்குவது) 'லெஸ் ஆஃபன்'. பிரஸ்ஸிங் ட்ராப் (எதிரணியை எந்தப் பக்கம் தள்ளிப் பிடிப்பது) வெளிப்பக்கம். 'இன்வைட் கிராசஸ்' போடலாம், இரண்டு உயரமான சென்டர் பேக்குகள் இருக்கும் தைரியத்தில். எதிரணியின் ஸ்ட்ரைக்கர் நம்மவரைவிட நன்றாக முட்டுபவர் என்றால் அந்த ஆட்டத்துக்கு மட்டும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஆப்போசிஷன் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ். அசிஸ்டென்ட்டிடம் விட்டுவைத்தால் அவர் பாட்டுக்கு நாலைந்து எதிரணி ஆட்டக்காரர்களுக்கு 'எப்போதும் பிரஸ் செய்' என்று போட்டுவைப்பார். நீங்கள் மெனக்கெட்டு அமைத்த இரண்டு வரிசையும் ஆளாளுக்கு ஒருபக்கம் ஓடிக் கலைந்துவிடும். அதை அவரிடமிருந்து பிடுங்கி, காலியாக வையுங்கள். வடிவம் சரியாக இருந்தும் நகல் கெடுவதற்குத் திரைமறைவில் இருக்கும் காரணங்களில் இதுதான் முதலாவது.

கார்னர்

இந்த ஒரு பகுதிக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஃபுட்பால் மேனேஜர் 2024இல் செட் பீஸ் பகுதியைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். செட் பீஸ் கோச் என்று தனியாக ஒருவரை நியமிக்கலாம். உங்கள் பட்ஜெட்டில் ஒரு வேலை இடம்தான் காலி என்றால் அதை இவருக்குக் கொடுங்கள், இன்னொரு ஸ்கவுட்டை விட இவர் பயன்படுவார்.

முதலில் அடிப்பவர். கார்னர்ஸ் எண் அதிகம் உள்ளவர், அடுத்து டெக்னிக். இறுதிப்போட்டியில் மெய்ல்சனின் இரண்டு ஹெடருக்கும் பந்தை அனுப்பியவர் நெல்சன். வலது கால் ஆட்டக்காரர் இடது மூலையிலிருந்து அடித்தால் பந்து கோலை நோக்கி வளையும், வலது மூலையிலிருந்து அடித்தால் கோலைவிட்டு விலகும். கோலை நோக்கி வளையும் பந்துக்கு லேசாகத் தலையில் பட்டாலே போதும். இரண்டு மூலைக்கும் இரண்டு வேறு கால் ஆட்களை வைக்க முடிந்தால் வையுங்கள்.

உங்கள் மெய்ல்சனை டெலிவரி விழும் இடத்தில் பந்தைத் தாக்கும் ஆளாக வையுங்கள். நியர் போஸ்ட், ஃபார் போஸ்ட் இரண்டில் எது என்பது அடிப்பவரைப் பொறுத்தது. கார்னர்ஸ் எண் சுமாராக இருந்தால் நியர் போஸ்ட், நன்றாக இருந்தால் ஃபார் போஸ்ட். இரண்டாவது சென்டர் பேக்கை அதே இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு நல்ல தலையும் ஒரே இடத்தில் போனால் எதிரணியின் இரண்டு நல்ல தடுப்பாட்களும் அங்கேயே வந்துவிடுவார்கள். அவரை எதிர்ப்பக்கம் அனுப்புங்கள். ஒருவர் கீப்பரின் முன்னால் நின்று மறைக்கட்டும். அதற்கு உயரம் வேண்டாம், ஸ்ட்ரெங்த்தும் பிரேவரியும் போதும், ஜெஜே இடத்து ஆட்டக்காரர் பொருத்தம். ரஃபேல் பாக்ஸுக்கு வெளியே நிற்கட்டும், திரும்பி வரும் பந்து அவருக்கு. பின்னால் ஃபுல் பேக் இருவரும் பிக்ரம்ஜித்தும் என மூன்று பேர் நிற்க வேண்டும். இரண்டு பேரோடு நிறுத்தினால் நம் கார்னரிலேயே கவுன்ட்டர் வாங்குவோம்.

வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. கேம் ஒவ்வொரு வேலைக்கும் ஆட்களை வரிசைப்படி தேர்வு செய்யும். மெய்ல்சன் காயம்பட்டு வெளியே போனதும், தலைமுட்டத் தெரியாத ஒரு லெப்ட் பேக் அந்த இடத்தில் ஏறி நிற்பார். ஐந்தாறு ஆட்டம் கார்னரில் ஒன்றுமே வரவில்லை என்றால் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் போட்டு நோண்டும் முன், அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாம் மூன்றாம் ஆளையும் நீங்களே வரிசைப்படுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது.

எவ்வளவு வந்தால் சரி? 29 கோலில் ஏழெட்டு செட் பீஸில் வந்தால் அணியின் குணம் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் கார்னரிலேயே வந்தால் ஏதோ ஒரு ரொட்டீன் (நீங்கள் அமைத்த கார்னர் திட்டம்) கேமின் பலவீனத்தைச் சுரண்டுகிறது என்று அர்த்தம், டெலிவரி இடத்தை மாற்றிவிடுங்கள்.

பயிற்சியும் வானிலையும்

ப்ரீ-சீசனில் ஐந்தாறு ஃப்ரெண்ட்லி ஆடுங்கள், முதல் இரண்டு எளிய எதிரணிகளோடு. டாக்டிகல் ஃபெமிலியாரிட்டி (அணிக்கு டாக்டிக் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதன்) பட்டை நிரம்பும்வரை முடிவுகளைப் பொருட்படுத்தாதீர்கள். இந்தச் சமயத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷனை மாற்றி மாற்றி வைத்தால் பட்டை நிரம்பவே நிரம்பாது. வாராந்திரப் பயிற்சியில் ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில் 'டிஃபென்சிவ் ஷேப்' ஒன்று, 'அட்டாக்கிங் கார்னர்ஸ்' ஒன்று. டிஃபால்ட் ஷெட்யூலில் கார்னர் பயிற்சி குறைவு, கையால் சேர்க்க வேண்டும்.

நவம்பர், டிசம்பரில் சென்னையில் மழை பிடித்துக்கொள்ளும் என்பது கேமுக்கும் தெரியும். ஈரமான, குலைந்த மைதானத்தில் தரையோடு போகும் சின்னச் சின்ன பாஸ் தடுமாறும். அந்த ஆட்டங்களுக்கு டைரக்ட்னஸை இன்னொரு படி ஏற்றுங்கள். மழை இல்லாத மாதங்களில் புழுக்கம் இருக்கும், 70ஆவது நிமிடத்தில் சைடு மிட்பீல்டர்களின் கண்டிஷன் இறங்கிவிடும். முதல் மாற்று எப்போதும் அங்கேயே. மூன்றாவது மாற்று நடு மிட்பீல்டுக்கு. கிரிகோரியிடம் இளம் அனிருத் தாபா இருந்தார், உங்களுக்கும் அதே வயதில் ஓடக்கூடிய ஒருவர் பெஞ்சில் வேண்டும்.

(கோடையில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதம் மொட்டைமாடி ரூமில் லேப்டாப் சூடேறி கேம் ஆமை வேகத்தில் போகும், கரன்ட்டும் போகும். லோட் செய்யும் லீகுகளைக் குறைத்து, வாரம் ஒருமுறை சேவ் ஆகும்படியும் மூன்று ஃபைல்கள் சுழலும்படியும் வைத்துவிடுங்கள்.)

சரிபார்ப்பது

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஸ்கோரைப் பார்க்காமல் சராசரி பொசிஷன் படத்தைப் பாருங்கள். பந்து இல்லாதபோது உள்ள படத்தில் நான்கு நான்காக இரண்டு வரிசை தெரிய வேண்டும். நெல்சன் இடத்து எண் மற்ற மூன்று மிட்பீல்டர்களுக்கு மேலே தனியாக நின்றால், அவருக்கு ஒர்க் ரேட் போதவில்லை. முதலில் வேறு ஆளை வைத்துப் பாருங்கள், அதற்கும் வழியில்லை என்றால் மட்டும் டியூட்டியை சப்போர்ட்டுக்கு இறக்குங்கள். பந்து இருக்கும்போது உள்ள படத்தில் ரஃபேலும் ஜெஜேவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிக்ரம்ஜித் சென்டர் பேக்குகளுக்குச் சற்று முன்னால் தனியாகத் தெரிய வேண்டும்.

பாதி சீசனுக்கு மேல் புதிதாக ஒரு சிக்கல் முளைக்கும். நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க எதிரணிகள் உங்களுக்குப் பயந்து கோலுக்கு முன்னால் கூட்டமாக நிற்க ஆரம்பிக்கும். கவுன்ட்டர் அடிக்க இடமே இருக்காது, 0-0 வரிசையாக வரும். இதற்கு இரண்டாவது டாக்டிக் ஸ்லாட்டில் இரண்டே இரண்டு மாற்றத்தோடு நகல் வையுங்கள்: வலது ஃபுல் பேக் விங் பேக், அட்டாக்; அகலம் ஸ்டாண்டர்டு. மென்டாலிட்டியை ஏற்றாதீர்கள், பிரஸ்ஸை ஏற்றாதீர்கள். வலப்பக்கத்திலிருந்து கிராஸ் அதிகம் போகும், தடுத்தால் கார்னர். அதுதானே நமக்கு வேண்டும்.

எதிர்த்திசையில் சோதிக்க, லீகில் பந்தை அதிகம் வைத்து ஆடும் அணியோடு வெளியூர் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். 2018 அரையிறுதியில் கோவாவில் 1-1, சென்னையில் 3-0. கோரோமினாஸ், லான்சரோட்டே இருந்த, 42 கோல் அடித்த அணியை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு கோலோடு நிறுத்தினார்கள். உங்கள் நகல் அப்படிப்பட்ட எதிரணியிடம் 60 சதவீதத்துக்கு மேல் பந்தைக் கொடுத்துவிட்டும் பாக்ஸுக்குள்ளிருந்து ஐந்தாறு ஷாட்டுக்கு மேல் வாங்காமல் இருந்தால் தடுப்பு வரிசை சரி. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அவர்கள் பதினைந்து அடித்தாலும் கவலை வேண்டாம்.

ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது 75ஆவது நிமிடத்தில் 'லோ பிளாக்', டிஃபென்சிவ் லைன் 'லோயர்', இரண்டும் ஒன்றாக. 'டைம் வேஸ்டிங்' நடு அளவில். கவுன்ட்டரை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் சுவரில் அடித்தது போலப் பத்து நிமிடமும் பந்து நம் பக்கமே திரும்பத் திரும்ப வரும். இத்தனையும் செய்தபின்னும் கடைசி நிமிடத்தில் ஒன்று வாங்கினால் இன்ஸ்ட்ரக்‌ஷனில் கை வைக்க வேண்டாம், மிகு அடித்ததும் அப்படி ஒரு கோல்தான்.